காய்ச்சல் கண்ட கம்ப்யூட்டர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடையின் மேல்மாடியில் இருந்தது வடகரை யார்டு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது நன்றாக வேலை செய்தது. சங்கத்துக்கு வந்த தலைவலி எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பம்.

ஒழுங்காக ஓடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் என்ன பெருமைப்பட முடியும்? அதற்குத் திறப்பு விழா கிடையாது, ரிப்பன் கிடையாது, சுவரில் பெயர் பொறித்த கல் கிடையாது. காலையில் பட்டனைத் தட்டினால் ஒரு இருமல் இருமிவிட்டு விழித்துக்கொள்ளும். கண்டெய்னர் யார்டுகளில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் சரக்கு இறக்குகிறவர்களுக்கும் கேட் பாஸ் அடித்துக் கொடுப்பது சங்கத்தின் வேலை. சங்கத்தின் வேலை என்றால் ராஜாத்தியின் வேலை. வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, மானிட்டர் தலையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த குட்டி கேமராவில் ஆளைப் படம் பிடித்து, பெயரைத் தட்டி, பாஸை அடித்துக் கொடுத்து அனுப்புவாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மற்ற நிர்வாகிகளுக்கும் கம்ப்யூட்டரில் பங்கு உண்டு. பொதுக்குழுத் தீர்மானப்படி மானிட்டர் தலைவர் வல்லரசுவின் பொறுப்பு. கீழே நிற்கும் பெட்டி செயலாளர் குணசேகரனின் பொறுப்பு. கீபோர்டு பொருளாளர் சிலுவைமுத்துவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆயுத பூஜையன்று அவரவர் தத்தம் உறுப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தனித்தனியாகப் பூசணி உடைத்து, தனித்தனியாகப் பொரி வாங்கிக்கொள்வார்கள். சிலுவைமுத்து கிறிஸ்துமஸுக்குக் கீபோர்டின் மேல் ஒரு சின்ன ஸ்டாரும் கட்டுவார். இவர்களில் யாருக்கும் அதை ஆன் செய்யத் தெரியாது. அது பொறுப்பில் அடங்கவில்லை.

இப்படி இருந்த சங்கத்துக்கு வினை மணலியிலிருந்து வந்தது. அங்கே இன்னொரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போய்வந்த தலைவர் மறுநாள் காலை ராஜாத்தியின் மேஜைக்கு எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா ராஜாத்தி இது, போட்டி கடையில கொடலு தொங்குறாப்ல வயரு தொங்கிகினு கீது? மணலிக்காரன் டேபிள் மேல ஒரே ஒரு கண்ணாடி நிக்குது. பெட்டி இல்ல, ஒண்ணியும் இல்ல. கேட்டா எல்லாம் உள்ளயே கீதாம். ஆல் இன் ஒன்னாம். கேமராவே அதுக்குள்ள கீதாம். எனக்கு மானம் போச்சு."

ராஜாத்திக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த மாதிரி ஒன்றைப் பெரம்பூர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவளும் நின்று பார்த்திருக்கிறாள். மேஜையின் கீழே காலை நீட்ட இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் எதுவும் நினைக்கவில்லை. மேலே நினைப்பதற்கு நிர்வாகக் குழு இருந்தது.

குழு கூடியது. சங்க விதிப்படி ஓடுகிற பொருளுக்குப் பதிலாக இன்னொரு பொருள் வாங்கக் கூடாது. பழுதாகியிருக்க வேண்டும். ஆகவே தண்டையார்பேட்டையிலிருந்து மெக்கானிக் அத்னானை அழைத்துவந்தார்கள். அவன் பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, மூடினான்.

"நல்லா கீது சார். ஒரு பார்ட்டு மாத்துனா இன்னும் கொஞ்ச வருசம் ஓடும்."

குணசேகரனின் முகம் கறுத்தது. "தம்பி, புதுசு வாங்கினா ஒன்கிட்டதான் வாங்குறதா இருந்தோம்."

அத்னான் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தான். பிறகு செயலாளரைப் பார்த்தான். "ஓடுது சார். ஆனா எவ்ளோ நாளு ஓடும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

'கணினியின் ஆயுள் மனிதக் கணிப்புக்கு அப்பாற்பட்டது எனத் தொழில்நுட்ப வல்லுநர் கருத்துத் தெரிவித்தார்' என்று குறிப்பு எழுதப்பட்டது.

அது மட்டும் போதாது, தினமும் அதில் வேலை செய்கிறவரின் வாக்குமூலமும் வேண்டும் என்றார்கள். ராஜாத்தியை உள்ளே கூப்பிட்டு, எப்போதும் இல்லாத வழக்கமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"பயப்படாம சொல்லும்மா," என்றார் குணசேகரன். "புது மெஷின் வந்தா அதுக்குன்னு ஒரு நிரந்தர ஆபரேட்டர் போஸ்ட்டு போட வேண்டி வரும். அதுக்கு யாரைப் போடுவோம்? ஒன்னைத்தான் போடுவோம். இப்ப சொல்லு, பழசு சரியா வேலை செய்யுதா?"

ராஜாத்தி தரையைப் பார்த்தாள். வேலை செய்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பப்ப நின்னுடுது சார்," என்றாள்.

அது ஒருநாளும் நின்றதில்லை. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, தன்னைப் பார்த்து இருமிவிட்டு விழித்துக்கொண்ட திரையை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு இயந்திரத்தின் மேல் கோள் சொல்லிவிட்டு வெட்கப்படுவது தனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது.

இதற்குப் பிறகு குழுவில் பெரிய விவாதம் நடந்தது. சிலுவைமுத்து எழுந்து நின்று பேசினார்.

"எல்லாம் ஒண்ணுக்குள்ள அடக்கம்னா அப்ப எங்களுக்கு இன்னா பொறுப்பு? மானிட்டர் தலைவருது. உள்ளாற கீற பெட்டியும் தலைவருதா? அதிகாரத்த பிரிச்சிக் குடுத்து நடத்துற சங்கம் இது. பெட்டியே இல்லாத கம்ப்யூட்டர் ஜனநாயகத்துக்கு ஒத்துவராது."

தலைவர் வல்லரசு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொன்னார். "தோழர்களே, மூணு தடவ என்னை எதிர்த்து யாரும் நிக்காம பாத்துகினீங்க. வரவேற்பு, தீர்மானம், நன்றியுரை எல்லாம் நானே பேசுறேன். நம்ப சங்கம் எப்பவோ ஆல் இன் ஒன் ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் மட்டுந்தான் பின்தங்கி கீது."

கைதட்டல் கிடைத்தது. முடிவில் புதிய இயந்திரத்தின் வலது ஓரம் செயலாளரின் பொறுப்பு, இடது ஓரம் பொருளாளரின் பொறுப்பு என்று சமரசம் ஆயிற்று. ஆனாலும் வாங்கலாமா வேண்டாமா என்பது இன்னும் ஆய்வில்தான் இருந்தது. ஆய்வு முடியும்வரை பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது குணசேகரன் எழுந்தார். அவர் பேசினால் குறிப்பெடுக்க ஆள் வேண்டாம், வாயிலிருந்தே மினிட்ஸாக வரும்.

"இது விசாரணையில் உள்ள பொருள். விசாரணையில் உள்ள பொருள் வேலை செய்யக் கூடாது. வேலை செய்தால் விசாரணையின் முடிவை அது பாதிக்கும். ஆகவே துணி போட்டு மூடிவைக்க வேண்டியது. உறுப்பினர்கள் கேட்டால் பழுது என்று சொல்ல வேண்டியது. சொல்ல வேண்டியவர், ராஜாத்தி."

மூடுவதற்குத் துணி கிடைக்கவில்லை. போன மே தினத்துக்குக் கட்டிய பேனர் இருந்தது. 'உழைப்பே உயர்வு' என்ற எழுத்து முன்பக்கம் வருமாறு அதைப் போர்த்தினார்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவள் செல்லம்மா. எர்ணாவூர்க்காரி. யார்டு ஒன்றில் பெருக்கும் கேங்கில் இருந்தாள். ஒருத்தி நின்றுவிட்டால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் மேஸ்திரியின் வாசலில் காத்துக்கிடக்கும் வேலை அது. இந்தச் சங்கத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று ராஜாத்திக்கு முதலில் சொன்னவளும் அவள்தான். மதிய நேரத்தில் யார்டிலிருந்து வந்து சங்கத்து பெஞ்சியில் உட்கார்ந்து ராஜாத்தியோடு சேர்ந்து சாப்பிடுவாள். தன் நெத்திலி வறுவலில் பெரும்பாதியை இவள் டப்பாவில் தள்ளிவிட்டு, எனக்கு அஜீரணம் என்பாள்.

"மாசக் கடைசியோட பாஸு முடியுது ராஜாத்தி. புது செக்யூரிட்டி பேஜாரு பண்றான். தேதி தாண்டினா உள்ள வுட மாட்டானாம். ஒண்ணு அடிச்சிக் குடு."

ராஜாத்தி பேனரைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் ரிப்பேரு அக்கா."

"அய்ய. நேத்து வரிக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"திடீர்னு நின்னுடுச்சு."

"போட்டும் வுடு. அதுவும் எவ்ளோதான் ஒழைக்கும்," என்றாள் செல்லம்மா. "நாளிக்கி வர்றேன்."

அன்று மதியம் பேனரை விலக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று மேலிடத்துக்கு விரிவான அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை கையால் எழுதப்பட்டால் மதிப்பு இருக்காது. ஆகவே வேலை செய்யாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அது வேலை செய்யவில்லை என்பதை ராஜாத்தி டைப் அடித்தாள். குணசேகரன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடித்தாள். 'முற்றிலும் செயலிழந்த நிலையில்' என்ற இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாயிற்று. பிரிண்டர் கறகறவென்று மூன்று பிரதி கக்கியது.

"சார், இதோட செல்லம்மாக்கா பாஸு ஒண்ணையும் அடிச்சிட்டா..." என்று இழுத்தாள் ராஜாத்தி.

குணசேகரன் கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர். அதை அவரே அடிக்கடி சொல்வார். "யோசிச்சுப் பாரும்மா. அறிக்கை ஆபீஸ்ல இருந்து ஆபீஸுக்குப் போறது. யாரும் படிக்க மாட்டாங்க, ஆபத்தில்ல. பாஸு அப்படியில்ல. கேட்ல காட்டுவாங்க, நாலு பேர் பாப்பாங்க. தேதியோட அடிச்ச பாஸு ஒண்ணு வெளிய போச்சுன்னா கம்ப்யூட்டர் ஓடுதுன்னு அதுவே ஆதாரம் ஆயிடும். அப்புறம் அப்பப்ப நின்னுடுதுன்னு நீ குடுத்த வாக்குமூலம் என்ன ஆகும்? நான் ஒனக்காகத்தான் சொல்றேன்."

ராஜாத்தி மூன்று பிரதியையும் அடுக்கி வைத்தாள். சொன்னது தான்தானே என்று தோன்றியது. அந்தத் தோன்றல் அன்று முழுவதும் சோற்றில் கல்லாகக் கடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்தமுறை செல்லம்மா வந்தபோது இரண்டாவது அறிக்கை அடித்து முடித்துப் பேனரைப் போர்த்தி அதிக நேரம் ஆகவில்லை. செல்லம்மா மேஜையைச் சுற்றிவந்து, பேனருக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்தாள்.

"சூடா கீதே ராஜாத்தி."

ராஜாத்திக்குக் காது மடல் எரிந்தது. ஏதோ சொல்ல வேண்டும். "அது... ரிப்பேரானா அப்படித்தான் இருக்கும் அக்கா."

"ஓகோ. காய்ச்ச போல கீது," என்றாள் செல்லம்மா. கையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் அவள் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய், அம்மன் காலடியில் வைத்து வாங்கிய ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். பெட்டியின் மேல் குங்குமம் வைத்து, பழத்தை நிறுத்தினாள். "எல்லாம் சரியாப் போவும். ஆத்தா பாத்துப்பா," என்று சொல்லிவிட்டு ராஜாத்தியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ராஜாத்தி ஸ்டேப்ளரில் பின் போட்டாள். அதில் ஏற்கெனவே பின் இருந்தது.

அடுத்த முறையும் பழம் வந்தது. அதற்கடுத்த முறையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் செல்லம்மா பெட்டியைத் தொட்டுப் பார்ப்பாள், பழத்தை வைப்பாள், "இப்ப எப்டி கீது?" என்று கேட்பாள். ராஜாத்தி "அப்படியேதான்க்கா" என்பாள். செல்லம்மா டப்பாவைத் திறந்து நெத்திலியைத் தள்ளிவிடுவாள். மிச்சம் வைத்தால் கேட்பாளே என்று ராஜாத்தி அதைத் தண்ணீர் குடித்து இறக்குவாள்.

தலைவர் ஒருநாள் பேனரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பழங்களைக் கண்டார். மிகவும் மகிழ்ந்துபோனார். கம்ப்யூட்டர் பழுது என்பதை உறுப்பினர்களே ஏற்றுக்கொண்டு பிரார்த்தனையில் இறங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். எலுமிச்சம்பழங்களோடு பெட்டியைப் போட்டோ எடுத்து மூன்றாவது அறிக்கையில் சேர்த்தார்கள். அந்தப் போட்டோவையும் அந்தப் பெட்டிதான் அச்சடித்துக் கொடுத்தது.

மாசக் கடைசி வந்தது. அலுவலகத்தில் யாருமில்லாத சமயங்கள் அதற்குள் எத்தனையோ வந்துபோயின. குணசேகரன் டீக்குப் போவார், தலைவர் வருவதே அபூர்வம். பேனரை விலக்கினால் போதும், பட்டனைத் தட்டினால் போதும். ராஜாத்தி எழுந்திருப்பாள், நிரந்தரம் என்ற சொல் நினைவுக்கு வரும், உட்கார்ந்துவிடுவாள். அவளை யாரும் கட்டிப்போடவில்லை. பிற்பாடு யோசிக்கும்போதெல்லாம் அதுதான் அவளை அரித்தது.

பாஸ் முடிந்த மறுநாள் யார்டு வாசலில் செல்லம்மாவை நிறுத்திவிட்டார்கள். சங்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிப் பார்த்தாள். அது சங்கத்தின் பிரச்சினை என்றான் செக்யூரிட்டி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி, அவள் துடைப்பத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். இதைச் செல்லம்மாவே வந்து சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டு, "நீ இன்னா பண்ணுவ, பாவம்," என்றாள். அதற்குப் பிறகு பெஞ்சிக்கு வரவில்லை. எர்ணாவூர்ப் பக்கம் ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பதாகக் கேள்வி.

மேலிடத்து அனுமதி கிடைத்து ஆல் இன் ஒன் வந்தது. மாடியிலேயே பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக்செட் வைத்தார்கள். புதிய கண்ணாடியைப் பட்டுத் துணியால் மூடி, நடு மேஜையில் நிறுத்தினார்கள். இடது ஓரத்துக்கு ஒரு மாலை, வலது ஓரத்துக்கு ஒரு மாலை. மேல் விளிம்பு முழுக்க மறைந்துபோனது.

விழாவில் முதல் பாஸை ஓர் ஏழைத் தொழிலாளிக்கு வழங்க வேண்டும் என்றார் குணசேகரன். பெண்ணாக இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். "அந்த எலுமிச்சம்பழ அம்மாவைக் கூப்பிடு ராஜாத்தி. நீ கூப்பிட்டா வரும்."

"அவங்களுக்குத்தான் வேலை போயிடுச்சே சார்."

"வேலை போனா என்ன? பாஸு கொடுக்கிறதுதானே நம்ம வேலை."

ராஜாத்தி போன் செய்தாள். ஒருமுறைகூட மாட்டேன் என்று சொல்லாமல் செல்லம்மா, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

கடைசி நேரத்தில் அத்னான் வேர்த்து வழிந்துகொண்டு ராஜாத்தியிடம் ஓடிவந்தான். "அக்கா, நம்ப பிரிண்டரு ரொம்ப பழசு. புது மெஷின் அத்த ஏத்துக்க மாட்டேங்குது. ஒண்ணு பண்ணு, பின்னாடி ஒக்காந்து பழசுலயே அடிச்சிக் குடுத்துடு. ஒருத்தருக்கும் தெரியாது."

மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியிருந்தது. அதே பேனர்தான். அதன் பின்பக்கம் பழைய கம்ப்யூட்டரைத் தரையில் வைத்து, ராஜாத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டனைத் தட்டினாள். ஒரு இருமல் இருமிவிட்டு அது விழித்துக்கொண்டது. முன்பக்கம் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாய் எத்தனை தடவ இந்தப் படி ஏறி எறங்கினாங்க தெரியுமா? பாஸு கெடைக்காம வேலையே போச்சு. அவ்ளோ மோசமா இருந்துச்சு அந்தப் பழைய மெஷினு. அந்தக் கண்ணீரத் தொடைக்கத்தான் இந்தப் புது மெஷினக் கொண்டாந்தோம்."

பட்டுத் துணி விலகியது. திரையில் ஓர் அருவி தெரிந்தது. செல்லம்மாவை அதன் எதிரில் நிறுத்தினார்கள். உள்ளிருந்த கேமராவை மாலை மறைத்ததால் அவளுடைய தாடை மட்டும் விழுந்தது. ராஜாத்தி பழைய போட்டோவையே போட்டு அடித்தாள். பேனரின் அடிவழியாகப் பாஸ் நீண்டது. தலைவர் அதை வாங்கி, அருவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செல்லம்மாவிடம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

சாப்பாட்டுப் பந்திக்கு ஆட்கள் எழுந்து போன பிறகு செல்லம்மா பேனரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். ராஜாத்தி எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மரத்திருந்தது. செல்லம்மா குனிந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அங்கே அவள் கடைசியாக வைத்த பழம் காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் காய்ச்ச வுடல போல கீதே."

"அக்கா, அன்னிக்கி அவங்கதான்..."

"வாணாம் ராஜாத்தி. எனக்கு அன்னிக்கே தெரியும். கை வெச்சப்பவே தெரிஞ்சிடுச்சு. வேலை செய்யாதது எப்டிமா சூடாவும்?"

ராஜாத்தியால் தலை நிமிர முடியவில்லை. "தெரிஞ்சேவா பழம் வெச்ச?"

"அத்த மெஷினுக்கா வெச்சேன்? நீ வாயத் தொறந்து சொல்லுவேன்னு வெச்சேன். ஒவ்வொரு தபாவும் இன்னிக்கி சொல்லிடுவ, இன்னிக்கி சொல்லிடுவன்னு கோயிலுக்குப் போனேன்."

பாஸைக் கீபோர்டின் மேல் வைத்தாள். "இத்த வெச்சிகினு நான் எந்த கேட்டுக்குப் போறது? ஒன்கிட்டயே இருக்கட்டும்." புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, பந்தி நடக்கும் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள்.

மைக்கில் குணசேகரன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு, மைக்செட்டுக்கு, வாழைமரத்துக்கு என்று வரிசையாகச் சொல்லி, பழைய கணினியின் நிலையை உள்ளது உள்ளபடி எடுத்துச் சொன்ன ஆபரேட்டர் ராஜாத்திக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி என்றார். பந்தியிலிருந்து சிலர் கைதட்டினார்கள். பேனருக்குப் பின்னால் ராஜாத்தி, இன்னும் சூடாக இருந்த பெட்டியின் மேலிருந்து அந்தப் பழத்தை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை.